நீங்கள் கொடுத்து நான் படிக்காத புத்தகம்

அக்கா,

உங்கள் புத்தகம் என் தையல் மிஷின் மேல் இருக்கிறது. ஐந்து நாளாகக் கடை முழுக்க மிளகு வாசனை. காலையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளே மிளகு காயப்போட்டிருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை, புத்தகம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

உங்கள் மகள் கொடுத்தனுப்பியது. நீங்கள் போய்ப் பத்து மாதம் கழித்து, மிளகு மூட்டைகளுக்கு மேலே இருந்த பலகையை இப்போதுதான் ஒழித்திருக்கிறாள். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் நாம் வைக்கிற சீட்டு இருக்குமே, யார் யார் படித்தார்கள் என்று பெயர் எழுதுகிற சீட்டு, அது இதிலும் இருந்ததாம். அதில் என் பெயர் மட்டும்தான். அதனால் எனக்கே சேர வேண்டியது என்று நினைத்துக் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறாள். மலை ரோட்டின் எழுபது வளைவும் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அன்றைக்குச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான்கு நாளில் படித்து முடித்தேன். கல்யாணப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட் அப்படியே கிடக்கிறது. அவள் அம்மா வந்து நன்றாகத் திட்டிவிட்டுப் போனாள். திட்டட்டும். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைக் கேட்க நீங்கள் இல்லை. அது எனக்குத் துக்கமாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது பார்த்தால் கோபமாகத்தான் வருகிறது.

நம் வாசிப்புக் கூட்டத்தை நான் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். மொத்தமே நான்கு பேர். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தைக்கிற நான், மலையில் இன்னொரு பக்கம் குண்டூர் நாட்டிலிருந்து மிளகும் மரவள்ளியும் பார்த்த கை கழுவி வருகிற நீங்கள், வாசலூர்பட்டிப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற தம்பி, கண்டக்டர் அண்ணன். மாதத்தின் முதல் செவ்வாய். அண்ணனுடைய பஸ் செம்மேட்டில் நிற்கிற நாற்பது நிமிடம்தான் நம் நேரம். டிரைவர் இரண்டாவது ஹாரன் அடித்தால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடுவார். அந்த நாற்பது நிமிடத்துக்காக நான் காலையிலேயே வெட்டு மேசையைத் துடைத்து, துணி மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி, டீக்குச் சொல்லி வைப்பேன். ஒவ்வொருவரும் இப்போது எதைப் படிக்கிறோம், எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். பிறகு தனக்கு உயிரான புத்தகம் ஒன்றை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். திருப்பித் தருகிறவர் அடுத்த செவ்வாயில் தான் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும்.

நின்ற இடம் என்று பெயர் வைத்தது நீங்கள்தான். படித்துக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் மேலே போக முடியாமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தோமோ, அந்த இடம். கதை நல்லா இருந்துச்சு, நடை நல்லா இருந்துச்சு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "நல்லா இருக்குதுன்னு கடைக்காரன் சொல்லட்டும் கண்ணு, நீ எங்க நின்ன, அதச் சொல்லு" என்பீர்கள். படகுத்துறைத் தம்பி ஒருமுறை எங்கேயும் நிற்கவில்லை என்று ஒத்துக்கொண்டான். நீங்கள் புத்தகத்தை அவன் பக்கமே தள்ளி, இன்னொரு மாதம் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். நான் அவனை எவ்வளவு கேலி செய்தேன். அந்தக் கேலிக்கு எனக்குத் தகுதியில்லை என்று உங்கள் ஒருவருக்குத்தான் பிறகு தெரியும்.

உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்னது ஒரு மழை நாளில். ஜாக்கெட் கையைத் தளர்த்தித் தரச் சொல்லி வந்திருந்தீர்கள். மழைக்குப் பஸ் வரவில்லை. நான் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு உங்கள் தோளில் துணியை மடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணாடியைப் பார்த்தபடி, ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரிச் சொன்னீர்கள்.

"என்ற தம்பி ரிக் வண்டிக்குப் போயிப் பதினோரு வருசம் ஆச்சு. ஊட்டுக்குத் தெரியாம ஒரு மூட்டை மொளகு வித்துப்போட்டான். இனி இந்த ஊட்டுப் படி ஏறாதடான்னு சொல்லிப்போட்டேன். அவன் ஏறல."

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடுகிற ரிக் லாரியில் வடக்கே போனான், இரண்டு வருடம் போன் வந்தது, பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை, வண்டிக்காரரைக் கேட்டால் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டான் என்கிறார். இவ்வளவையும் நான் ஒரு கைக்கு ஊசி குத்தி முடிப்பதற்குள் சொல்லிவிட்டீர்கள். முகம் உங்கள் ஜாடைதானாம், இடது புருவத்தில் மட்டும் ஒரு வெட்டு இருக்குமாம். வாயில் ஊசி இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டபோது நீங்கள் மழை விட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூட்டத்தில் வேறு யாரிடமும் அதை நீங்கள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அதற்கு அடுத்த செவ்வாய்தான் இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை. பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. நாமக்கல்லில் பழைய பேப்பர்க் கடையில் எடுத்ததாம். காலண்டர் தாளில் நீங்களே அட்டை போட்டிருந்தீர்கள். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை, முதல் ஆள் நான்தான் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போன தம்பியைத் தேடி, இருந்த இரண்டு மாட்டையும் விற்றுவிட்டுக் கிளம்பப் பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. அது மட்டும் நாற்பது பக்கத்தில் எனக்குப் புரிந்தது.

அந்த நாற்பதோடு நின்றுவிட்டேன் அக்கா. உள்ளதைச் சொல்கிறேன், சலிப்பாக இருந்தது. எழுத்து பொடி, பக்கத்துக்குப் பக்கம் மாடு. மாட்டைத் தேய்க்கிறாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள், மாட்டோடு பேசுகிறாள். வெளியே தீபாவளித் துணி மலையாகக் கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியதில் செவ்வாய் வந்துவிட்டது. இன்னும் படிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிற்று. ஆனால் மாதம் மூன்று புத்தகம் படிக்கிறேன் என்று மலை முழுக்கப் பீற்றிக்கொண்டவள் நான். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

காலையில் டீ கொதிக்கிற நேரத்தில் புத்தகத்தைக் குத்துமதிப்பாகப் பிரித்தேன். விற்ற மாட்டின் கயிற்றை அவள் இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிற இடம் வந்தது. பிற்பகல் கூட்டத்தில் அதையே என் நின்ற இடம் என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கண்டக்டர் அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. முடிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறே இறங்கவில்லை என்று ஒன்றைச் சேர்த்தேன். முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று படகுத்துறைத் தம்பி காதைப் பொத்தினான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு மேசை மேலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தீர்கள். "அப்படியா கண்ணு" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டீர்கள். ஹாரன் அடித்தது, நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நீங்கள் அந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. படகுத்துறைத் தம்பி இரண்டு முறை கேட்டான். எங்கேயோ கிடக்கிறது, தேடித் தருகிறேன் என்றீர்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அவன் படித்துவிட்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்ற கவலை விட்டது. நீங்கள் ஏன் கொடுக்கவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இவ்வளவு தூரம் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் வரும்போதே முகம் வெளுத்திருந்தது. காலையில் மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டு வந்தேன், வாயு என்றீர்கள். இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று உங்கள் முறை வந்தபோது புத்தகத்தைக் கூடையிலிருந்து எடுக்கப் போன கை அப்படியே நின்றது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக. இடது கை மரத்த மாதிரி இருக்கிறது என்றீர்கள். கண்டக்டர் அண்ணன் எழுந்து ஓடி அடுத்த தெரு நர்ஸம்மாவைக் கூட்டி வந்தார். அவர் நாடி பிடித்தார், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார், இன்னொன்றை மென்று முழுங்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது, திரும்பி ஏறி வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். காத்திருக்கக் கூடாது, சாய்ந்த வாக்கில் படுக்க வைத்து உடனே நாமக்கல்லுக்கு இறக்குங்கள் என்றார் நர்ஸம்மா. படகுத்துறைத் தம்பி யாரையோ பிடித்து ஒரு ஜீப்பைக் கொண்டு வந்தான். அவன் முன்னால் டிரைவரோடு ஏறினான். நான் பின்னால் உங்களைத் தாங்கிக்கொண்டேன்.

கதவைச் சாத்தும் முன் நர்ஸம்மா என் கையைப் பிடித்துச் சொன்னது இது. "பேச்சுக் குடுத்துட்டே போங்க. பயப்பட உடாதீங்க. கண்ண மூடுனா எழுப்பிப் பேசுங்க."

சோளக்காடு தாண்டியதும் எழுபதாவது வளைவு. இறங்கும்போது பலகையில் எண் குறைந்துகொண்டே வரும். எனக்கு இந்த வளைவுகள் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். மலைக்கு வாக்கப்பட்டு இருபது வருடமாகியும் எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏற மாட்டாள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். அன்றைக்கு எலுமிச்சம்பழமும் இல்லை, வாந்தியும் வரவில்லை. உங்கள் தலை என் தோளில் இருந்தது. உங்கள் ஜாக்கெட் முதுகில் நனைந்து என் கை ஈரமானது. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மழை வருமோ என்றேன். வானம் பளிச்சென்று இருந்தது.

அறுபத்தொன்றில் நீங்களே கேட்டீர்கள். "அந்தப் புத்தகத்தோட முடிவச் சொல்லு கண்ணு. அன்னிக்கி சோறே எறங்கலைன்னியே. அதச் சொல்லு."

படிக்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சு வலியோடு கிடக்கிறவரிடம் மூன்று வருடப் பொய்யை எப்படி உடைப்பது என்று ஒரு சாக்கு உடனே கிடைத்தது. நான் இட்டுக்கட்ட ஆரம்பித்தேன். அவள் நடந்து நடந்து கடைசியில் ஒரு டவுனுக்குப் போகிறாள், அங்கே பஸ் ஸ்டாண்டில் தம்பியின் அடையாளத்தைச் சொல்லி விசாரிக்கிறாள், அப்படி ஒரு ஆள் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான் என்று பூ விற்கிறவள் சொல்கிறாள் என்றேன்.

நீங்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள்.

"அவன் உசுரோட இருக்கானா?"

"இருக்கானுங்க்கா," என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஜீப் ஒரு வளைவு முழுக்கத் திரும்பி முடிக்கிற வரைக்கும் பார்த்தீர்கள். வலி கூடிவிட்டதோ என்று பயந்தேன். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, "செரி, சொல்லு" என்றீர்கள்.

சொன்னேன். கடையில் அவன் குனிந்து டயருக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருக்கிறான், இவள் பின்னால் போய் நிற்கிறாள், கூப்பிட வாய் வரவில்லை. நாற்பத்தாறில் வண்டி நின்றது. மேலே ஏறி வந்த மரவள்ளி லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. அதற்குப் பின்னால் பஸ். படகுத்துறைத் தம்பி குதித்து ஓடினான். முன்னே பின்னே என்று டிரைவர்கள் கத்துகிறார்கள், லாரி ஒரு அடி நகர்கிறது, மறுபடி நிற்கிறது. உங்கள் மூச்சு சீப்பில் முடி இழுக்கிற மாதிரி இழுத்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தம்பி பத்து நிமிடம் என்கிறான். அந்தப் பத்து நிமிடமும் நான் அந்தச் சைக்கிள் கடையை விட்டு நகரவில்லை. கடையில் என்னென்ன தொங்கியது, பம்பு எங்கே சாய்த்து வைத்திருந்தது, எல்லாம் சொன்னேன்.

வண்டி கிளம்பி நாற்பத்தொன்று வந்தது. அங்கேதான் நீங்கள் சொன்னீர்கள்.

"அந்தப் புத்தகத்துல முடிவே இல்ல கண்ணு. கடசிப் பக்கமெல்லாம் நான் எடுக்கறப்பவே கிழிஞ்சு போயிருந்துது. நீ படிச்சுப்போட்டு வந்து, மிச்சம் எங்கக்கான்னு கேப்பீன்னு பாத்தேன்."

குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் என்னை அறைந்தது. முடிவைப் படித்துச் சோறு இறங்கவில்லை என்று நான் சொன்ன அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வருடம், முப்பத்தாறு செவ்வாய், நான் மற்றவர்களின் வாசிப்பை எடைபோட்டுப் பேசியதையெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறீர்கள். என் முகம் எரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை அக்கா. உங்கள் உயிர் என் தோளில் இழுத்துக்கொண்டிருந்தபோது, என் மானம் போயிற்றே என்று நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. பலகைகளை எண்ணினேன். ஏன் அன்றைக்கே என் காதைத் திருகிக் கேட்கவில்லை என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது. முப்பத்தாறில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, பேசிட்டே வாங்க. அவிய கண்ணு சொக்குதுங்க."

திரும்பிப் பார்த்தேன். உங்கள் கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் கத்தினேன், கன்னத்தைத் தட்டினேன், அக்கா அக்கா என்று உலுக்கினேன். தம்பி முன் சீட்டில் எழுந்தே விட்டான். மெல்லக் கண் திறந்தீர்கள். என்னைத் திட்டுங்கள் என்றேன். அழுதுகொண்டே சொன்னேன், நான் ஒரு பக்கமும் ஒழுங்காகப் படிக்கவில்லை, மாடு சலிப்பாக இருந்தது என்று.

உங்கள் உதடு சிரித்தது. "திட்ட மூச்சில்ல. மாடு எனக்கும் சலிப்புத்தான். நீ மிச்சத்தச் சொல்லு. அவன் திரும்பிப் பாத்தானா?"

திரும்பிப் பார்த்தான் என்றேன். அடையாளம் தெரிந்ததா என்றீர்கள். முதலில் தெரியவில்லை, குரலைக் கேட்டதும் தெரிந்தது என்றேன். அக்காவுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தான் என்று கேட்டீர்கள். புரோட்டா வாங்கிக் கொடுத்தான் என்றதும், ஊரிலிருந்து நடந்து வந்தவளுக்குப் புரோட்டாவா, சோறு போடச் சொல்லு என்றீர்கள். சோறு போட்டான் என்று மாற்றினேன். காரவள்ளி வந்து வண்டி நேர் ரோட்டில் பாய்ந்தபோது நான் அவர்கள் இருவரையும் ஒரு பாயில் உட்கார வைத்திருந்தேன். சேந்தமங்கலம் தாண்டும்போது அவன் அழுதான், அவள் அழவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். உங்கள் விரல் என் சேலை நுனியைப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. விரலைப் பிரித்து எடுத்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் திருப்பி, "அவன ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தாளா?" என்றீர்கள். வந்து சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. வந்தாள் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மிச்சம் வைத்தால் நீங்கள் அதைக் கேட்கவாவது வெளியே வருவீர்கள் என்று அந்த நேரத்துப் புத்திக்குத் தோன்றியது. கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு உங்கள் மகள் வெளியே வந்து என் மேல் விழுந்து அழுதாள்.

அந்தச் சில வளைவுகள் நான் பேசாமல் இருந்ததால் ஏதாவது ஆகியிருக்குமா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அடைப்பு பெரியது என்றார். நல்ல மனிதர், பொறுமையாகவே சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

இப்போது படித்துவிட்டேன். மாடு எழுபதாம் பக்கத்தோடு போய்விடுகிறது, அதற்குப் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. இன்னும் முப்பது பக்கம் பொறுத்திருந்தால் போதும், நான் பொய்யே சொல்லியிருக்க வேண்டாம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கம் வந்தது. மற்றப் பக்கங்கள் பழுப்பு, இந்த ஒரு பக்கத்தின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. ஒரு டவுனில் சாயப்பட்டறைக்காரர் அவள் கையில் ஒரு சட்டையைக் கொடுக்கிறார். காய்ச்சலில் இங்கேதான் செத்தான், நாங்களே அடக்கம் செய்துவிட்டோம் என்கிறார். அவள் சட்டையை மடித்து வைத்துக்கொள்கிறாள். மறுநாள் அடுத்த ஊருக்கு நடந்து போய், என் தம்பியைப் பார்த்தீர்களா என்று மறுபடி விசாரிக்கிறாள். கிடைத்த பக்கம் முடிகிற வரைக்கும் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே போகிறாள்.

அவன் பாதிப் புத்தகத்திலேயே செத்துவிட்டான் அக்கா. அறுபத்தொன்றாவது வளைவுக்குக் கீழே நான் அவனைச் சைக்கிள் கடையில் உட்கார வைத்தபோது அது உங்களுக்குத் தெரியும். அவன் உயிரோடு இருக்கிறானா என்று நீங்கள் கேட்டது என்னைப் பரீட்சை பார்க்க இல்லை. யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது உங்களுக்கு. தெரியாத்தனமாக நான் சொல்லிவிட்டேன். நீங்கள் என்னைத் திருத்தவில்லை. முடிவில்லை என்று சொன்னீர்களே தவிர, அவன் இல்லை என்று கடைசி வரை சொல்லவில்லை.

இதற்காகத்தான் எனக்கு முதலில் கொடுத்தீர்கள் என்றும் இப்போது புரிகிறது. தம்பியைப் பற்றி என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தீர்கள். இந்தப் பக்கத்தில் நான் நின்றிருந்தால், அடுத்த செவ்வாய் உங்கள் கையைப் பிடித்து ஏதாவது கேட்டிருப்பேன். நீங்களும் பதினோரு வருடத்தைக் குண்டூசி குத்தி முடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிக்காமல், மெதுவாகச் சொல்லியிருப்பீர்கள். அதைத்தான் மூன்று வருடம் எதிர்பார்த்து வந்து என் கடையில் உட்கார்ந்தீர்கள். நான் மாட்டுக் கயிற்றைப் பற்றிப் பேசினேன்.

கூட்டம் நடக்கிறது. போன செவ்வாய், வேறொரு புத்தகத்தில் இருபது பக்கம் படித்திருக்கிறேன், இன்னும் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் என்னைக் கீழாகப் பார்க்கவில்லை. கண்டக்டர் அண்ணன் மெதுவாகப் படியுங்கள் என்றார்.

நூலும் லைனிங் துணியும் வாங்க மாதம் இரண்டு முறை நாமக்கல்லுக்கு இறங்குகிறேன். காரவள்ளிக்குக் கீழே ரோட்டில் ரிக் லாரிகள் எதிரே வரும், உடம்பெல்லாம் சேறு அப்பி, மேலே நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் ஜன்னலில் எட்டி ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். உங்கள் ஜாடை தெரிகிறதா, இடது புருவத்தில் வெட்டு இருக்கிறதா என்று. பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து இடம் விடுகிறார்கள். கிடைப்பான் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் கிடைத்துவிட்டால் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடுவேன். செம்மேட்டிலிருந்து வருகிறேன், உன் அக்காவின் சிநேகிதி என்பேன். முதல் வார்த்தையாக அவன் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும், ஜீப்பில் நீங்கள் தலையைத் தூக்கிக் கேட்டதையேதான் கேட்பான், அக்கா உசுரோட இருக்காங்களா என்று. இருக்காங்க சாமி என்று என் வாய் சொல்லிவிடும், அக்கா.